குடும்பத்தோடு ஒரு நாள் மலை நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் கிளம்பி, மலையில் நடந்துவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கோ அறைக்கோ திரும்பிவிடும் நடையைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். கூடாரம் போட்டுத் தங்குவதும் கயிறு கட்டி ஏறுவதும் இதில் வராது. சின்னப் பிள்ளைகள், அறுபதைத் தாண்டிய பெரியவர்கள், வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் ஒன்றாகப் போகும்போது எழும் கேள்விகளே வேறு. உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, தமிழ்நாட்டு மலைகளை மனதில் வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் ட்ரெக்கிங் போனதே இல்லை. முடியுமா?

திருத்தணியில் 365 படி ஏறியிருக்கிறீர்களா? பழனியில் யானைப்பாதை வழியாக நடந்திருக்கிறீர்களா? திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் குடும்பம் ஏற்கெனவே மலை நடை பழகியதுதான். நம் பாட்டிகளில் பலர் இதைச் செருப்புகூட இல்லாமல் செய்தவர்கள்.

காட்டுப் பாதையில் என்ன வித்தியாசம் என்றால், படி இருக்காது, கைப்பிடி இருக்காது, நடுவில் மோர் விற்பவர் இருக்க மாட்டார். அதனால் முதலில் படிக்கட்டு மலை, அப்புறம் அடிவாரத்து ஒற்றையடிப் பாதை, அதற்குப் பிறகு பெரிய மலை என்று வரிசையாகப் போங்கள். அய்யர்மலையில் ஆயிரத்துக்குச் சற்று மேல், சோளிங்கரில் 1,305 படிகள். இவற்றில் ஒன்றை நிதானமாக ஏறி இறங்கி, மறுநாள் எல்லாரும் சாதாரணமாக நடமாட முடிகிறது என்றால் அடுத்த கட்டத்துக்குத் தயார்.

முதல் நடைக்கு எங்கே போகலாம்?

ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மலைக்கு. ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்து போய், களைத்த பிள்ளைகளை இறக்கி நடக்கவிட்டால் அந்த நாள் தொடக்கத்திலேயே கெட்டுவிடும்.

மதுரைக்காரர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலையைத்தான் முதலில் சொல்வேன். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். பாறையில் வெட்டிய படிகளில் கொஞ்ச நேரம் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தை ஒரு குழந்தை தன் கண் உயரத்தில் பார்க்கிற இடம் அது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்ற சமணக் குகை. இரண்டையும் சேர்த்து அரை நாளில் முடித்துவிடலாம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் அப்படித்தான். குடைவரைக் கோயில், தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, பாறைகளுக்கு மேலே வட்டமிடும் கழுகினப் பறவைகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. அங்கே மக்கள் வாழ்கிறார்கள், மலை அவர்களுக்குச் சாமி. கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சென்னையிலிருந்து என்றால் செஞ்சிக் கோட்டை. அங்கே ராஜகிரி சுமார் 800 அடி, பெரும்பாலும் படிகள், மேலே பள்ளத்தைக் கடக்க ஒரு பாலம். காலை திறந்தவுடன் ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், பிற்பகலில் மேலே ஏற விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஏறச் சிரமப்படுபவர் இருந்தால் கோட்டையிலேயே எதிரே இருக்கும் கிருஷ்ணகிரிக் குன்று சற்றுச் சின்னது. பூண்டிப் பக்கம் குடியம் குகைகளுக்குப் போகும் பாதை ஏற்றம் குறைந்த காட்டு நடை. கூழாங்கற்கள் பதிந்த பாறைக் குடைவுகள் அவை, கற்கால மனிதர் வாழ்ந்த நிலம். ஆனால் காப்புக்காடு என்பதால் அனுமதி வேண்டும்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பின்புறமிருந்து கந்தாசிரமம் வரை கல் பாவிய பாதை இருக்கிறது. பெரியவர்களோடு போக அதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்தவர்களுக்கு ஏலகிரியில் சுவாமிமலை. ஊட்டியில் கெய்ர்ன் ஹில் சைப்ரஸ் மரங்களுக்கு இடையே குளிர்ச்சியான, எளிய நடை.

இரண்டு இடங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கொல்லிமலை ஆகாய கங்கையும் கொடைக்கானல் வட்டக்கானல் டால்பின் நோஸும் முதலில் இறங்கிவிட்டுப் பிறகு ஏற வேண்டிய இடங்கள். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கும்போது எல்லாரும் உற்சாகமாக இருப்பார்கள். அருவியில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வெயிலில் ஈரத்துணியோடு அதே படிகளை ஏறும்போதுதான் தெரியும். இறங்குவதற்கு ஆன நேரத்தைப் போல இரண்டரை மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியங்கிரி, பர்வதமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

வெள்ளியங்கிரி ஏழு மலைக்குச் சின்னப் பிள்ளைகளை வேண்டவே வேண்டாம். பிப்ரவரி முதல் மே வரை அனுமதிக்கும் அந்தப் பாதையில், மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் இறந்த செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. இரவில் தூக்கம் இல்லாமல் ஏறுவதும், முன்னால் போகிறவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்ப்பதும் முக்கியக் காரணங்கள் என்பது என் எண்ணம். பர்வதமலையில் கடைசிப் பகுதி கடப்பாறைப் படியும் இரும்பு ஏணியும். பதின்வயதுப் பிள்ளைகள், உயர பயம் இல்லாதவர்கள் என்றால் பார்க்கலாம். ஏழு வயதுக் குழந்தையை முதுகில் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. கோயில் படிக்கட்டுக்குத் தேவையில்லை. தொல்லியல் துறைச் சின்னங்களுக்கு நேரமும் சில இடங்களில் நுழைவுச்சீட்டும் உண்டு. காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள், காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்ததும் போக வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள், அவர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள். குழந்தைகளுக்கான வயது விதி, கட்டணம், அன்றைக்குப் பாதை திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் பதிவுப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பமாகப் போகிறவர்கள் ‘எளிது’ வகையில் தொடங்குவதுதான் சரி.

‘எனக்கு அந்த ஊர்ப் பையனைத் தெரியும், குறுக்கு வழியில் கூட்டிப் போவான்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் போனால் அபராதம் ஒரு பக்கம். நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. தீ பிடித்தாலோ, யாருக்காவது கால் முறிந்தாலோ தேடி வர ஆள் இருக்காது.

எந்த மாதங்கள் நல்லவை?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், புல் இன்னும் முழுக்கக் காய்ந்திருக்காது. பிப்ரவரி பாதிக்கு மேல் காட்டுத்தீக் காலம். பல காட்டுப் பாதைகளை அப்போது மூடிவிடுவார்கள், மூட வேண்டியதும்தான். ஏப்ரல், மே மாதங்களில் சமவெளி ஓரத்து மொட்டைப் பாறை மலைகளைத் தவிர்த்துவிட்டு நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று உயரமான இடமாகப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை. அதே நேரத்தில் கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் காலை நடைக்கு நல்ல நாட்கள் கிடைக்கும். அக்டோபர், நவம்பரில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

எத்தனை வயதிலிருந்து குழந்தைகள் நடப்பார்கள்?

நான்கைந்து வயதில் இரண்டு, மூன்று கிலோமீட்டர். எட்டு வயதில் ஐந்தாறு. பத்து, பன்னிரண்டு வயதில் பல பிள்ளைகள் பெற்றோரைவிட நன்றாக நடப்பார்கள். இது தோராயம்தான். முதல் நாள் இரவு தூங்காத பத்து வயதுப் பையன் ஒரு கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடுவான்.

பெரியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். குழந்தைக்கு வழியில் இருக்கும் எறும்புப் புற்றே போதும். மரவட்டையைப் பார்க்க நின்றால் நீங்களும் நில்லுங்கள். ‘சீக்கிரம் வா’ என்று சொல்லிக்கொண்டே போகிற நடையை எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை விரும்பாது. சின்ன வேலைகள் கொடுக்கலாம். அடுத்த நிழலைக் கண்டுபிடிப்பது, தண்ணீர் குடிக்க நேரம் சொல்வது, முன்னால் நடந்து வழி காட்டுவது. முன்னால் நடக்கும் குழந்தை சோர்வதில்லை, இதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். கூட ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கைக்குழந்தை என்றால், முன்னால் கட்டும் துணித் தொட்டிலில் அம்மாவின் உடல் சூடும் வெயிலும் சேர்ந்து குழந்தைக்கு மிகவும் சூடாகிவிடும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்து நனைந்திருந்தால் நிழலில் இறக்கிவிட வேண்டும். வழுக்குப் பாறை உள்ள பாதைக்குக் கைக்குழந்தையோடு போகாதீர்கள். தூக்கிச் செல்பவர் விழுந்தால் இருவருக்கும் அடி.

ஒரு பாதைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது?

1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது நல்ல உடல்வாகுள்ள, நிற்காமல் நடக்கிறவர்களுக்கு. குடும்பத்துக்கு இதை அப்படியே இரண்டால் பெருக்குங்கள்.

போக வர ஆறு கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நெய்ஸ்மித் கணக்கில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். உங்களுக்கு மூன்றரை மணி நேரம். சாப்பாடு, புகைப்படம் எல்லாம் சேர்த்து ஐந்து. ஆறு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குக் கீழே வந்துவிடலாம். ஒன்பது மணிக்குத்தான் தொடங்க முடிகிறது என்றால் உச்சி வெயிலில் மாட்டுவீர்கள், அதனால் பாதித் தூரம் போய்த் திரும்புகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

எதைக் கணக்குப் போட்டாலும், கூட்டத்தில் யார் மிக மெதுவாக நடப்பாரோ அவரை வைத்துப் போடுங்கள். மற்றவர்களின் வேகம் கணக்கில் வராது. வேகமாக நடக்கும் சித்தப்பா முன்னால் போய் மேலே காத்திருந்து, பின்னால் வருகிறவர்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் ‘சரி, போகலாமா’ என்று எழுந்துவிடுகிறார் இல்லையா? அவருக்கு முழு ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஓய்வே இல்லை. அவரைக் கடைசியில் நடக்கச் சொல்லுங்கள்.

உச்சிக்குப் போகாமல் பாதியில் திரும்பினால் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்களே?

ஏமாற மாட்டார்கள், நீங்கள் ஏமாற்றத்தைக் காட்டாத வரை. கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். ‘பத்தரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்.’ மேலே போன பிறகு இதைப் பேசினால் உச்சி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று இழுக்கும். மாலை நடை என்றால் சூரியன் மறையும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே கீழே இருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் சென்னையில் 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கிழக்குச் சரிவில் அதற்கும் முன்பே நிழல் விழுந்து, காட்டுக்குள் இருட்டத் தொடங்கிவிடும்.

முழங்கால் வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் வரலாமா?

மருத்துவர் தினசரி நடக்கச் சொல்லியிருந்தால், எளிய பாதைகளுக்கு வரலாம். நெஞ்சுவலி, சமீபத்திய இதய சிகிச்சை, கட்டுப்படாத அழுத்தம் இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்.

முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது உடல் எடை முழுவதும் முழங்காலில் விழும். ஒரு நல்ல மூங்கில் கம்பு பெரிய உதவி. இறங்கும்போது கம்பை முதலில் கீழே ஊன்றி, அப்புறம் காலை வைக்க வேண்டும். உயரமான படிகளில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி இறங்கினால் வலி குறையும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. தாழ் சர்க்கரையின் அறிகுறிகள் (கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பமான பேச்சு) கூட வருபவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். குளுக்கோஸ் பொட்டலம் அவர் பையிலேயே இருக்கட்டும், வேறொருவர் பையில் வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு பாறையில் நடக்கவே கூடாது. சுட்டுக் கொப்பளித்த பிறகுதான் தெரியவரும்.

மலை உயரத்தால் மூச்சுத் திணறல், தலைவலி வருமா?

அந்த நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரும். தமிழ்நாட்டின் உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நம் பிள்ளைகளுக்கு வருவது கொண்டை ஊசி வளைவு வாந்தி. கொல்லிமலையில் 70 வளைவுகள். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் லேசான சாப்பாடு, கண் சாலையைப் பார்க்கும்படி உட்கார வைப்பது, போனைக் கையில் கொடுக்காமல் இருப்பது, மேலே போய் அரை மணி ஓய்வு. இவ்வளவு போதும்.

தண்ணீரும் சாப்பாடும் எவ்வளவு?

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவருக்கு அரை லிட்டர், வெயிலில் அதற்கும் மேல். குழந்தைக்கு அதில் பாதி. கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டு. மேலே சுனை இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் அதை நம்பிக் குறைவாகக் கொண்டுபோகாதீர்கள்.

சாப்பாட்டுக்கு நம் ஊர்ப் பயண உணவை மிஞ்ச எதுவும் இல்லை. புளிசாதம், எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. புளிப்பும் உப்பும் வியர்வையில் போனதை ஈடுகட்டும், மதியம் வரை கெடாது. தயிர்சாதத்தைக் குளிர் மலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம். சிப்ஸ் வேண்டாம், தாகம் எடுக்கும், பாக்கெட் சத்தத்துக்குக் குரங்கும் வரும். குரங்குகள் பிளாஸ்டிக் பையை அடையாளம் வைத்திருக்கின்றன, அதனால் உணவு எல்லாம் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள். பிடுங்க வந்தால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள்.

என்ன செருப்பு, என்ன உடை?

புதிய ஷூ வேண்டாம். ஒரு மாதமாவது போட்டுப் பழகிய, அடிப்பாகம் தேயாத ஷூ போதும். பிள்ளைகளுக்குப் பள்ளி விளையாட்டு ஷூவே சரி, ஒரு அளவு பெரிதாக இருக்கக் கூடாது. ரப்பர் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கும். கால் முழுக்க மூடும் பருத்தி அல்லது ட்ராக் பேன்ட், முழுக்கை சட்டை, தொப்பி அல்லது தலையில் ஒரு துண்டு. துண்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வெயிலுக்கு மறைப்பு, வியர்வைக்குத் துடைப்பு, கை முறிந்தால் தொட்டில் கட்டு, தேனீ வந்தால் முகமூடி. ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது?

மழைக்காலச் சோலைக்காட்டில் அட்டை ஏறத்தான் செய்யும். பயப்பட ஒன்றுமில்லை, நம் நாட்டு நில அட்டைகள் நோய் பரப்புவதில்லை. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸ் மேல் சோப்பு நுரையோ உப்போ புகையிலைத் தூளோ தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்துக்கொண்டிருந்தால் பிய்த்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்க்கு அடியில் பக்கவாட்டாகத் தள்ளுங்கள், விட்டுவிடும். ரத்தம் சிறிது நேரம் நிற்காமல் கசியும். அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதுதான் காரணம். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவைத்தால் அலறல் பாதியாகக் குறையும்.

மலைத்தேனீ அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். நம் பாறை மலைகளிலும் பழைய கோட்டைகளிலும் பாம்பைவிட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். பாறை விளிம்பில் கறுப்பு முறம் மாதிரி தொங்குவது மலைத்தேன் கூடு. அதைப் பார்த்தால் சத்தம் குறைத்து, நிற்காமல் கடந்துவிடுங்கள். கல் எறிவது, கீழே நின்று புகை பிடிப்பது, நெடியான சென்ட் அடித்துக்கொண்டு வருவது எல்லாம் அவற்றைக் கிளப்பிவிடும். பிள்ளைகளிடம் மலையில் எதன் மேலும் கல் எறியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கிளம்பிவிட்டால் நின்று விரட்டாதீர்கள். துண்டால் முகத்தையும் குழந்தையையும் மூடிக்கொண்டு வந்த வழியே, பள்ளத்தில் விழாத வேகத்தில், கூட்டிலிருந்து விலகி ஓடுங்கள். கொடுக்கு பதிந்திருந்தால் உடனே நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். பல கொட்டுகள், மூச்சிரைப்பு, உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் நேராக மருத்துவமனைக்கு.

யானை, காட்டுமாடு எதிரே வந்தால்?

கோவை அடிவாரங்களில் யானை, கொடைக்கானலிலும் குன்னூரிலும் காட்டுமாடு, பல மலைகளில் கரடி. இவை அதிகமாக நடமாடுவது விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு காட்டுப் பாதையில் நுழைந்து, மாலை நான்கு மணிக்குள் வெளியேறிவிட்டால் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறையும். சூடான லத்தி, முறிந்த மூங்கில், ஈரம் காயாத மூத்திர வாடை தெரிந்தால் வழிகாட்டி என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள், பெரும்பாலும் திரும்பச் சொல்வார். காட்டுமாடு ஊருக்குள் மேய்கிறது என்பதால் பழகியது என்று நினைத்து செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள்.

பாம்பு கடித்தால்?

கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை உட்கார வைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் குச்சியோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். வீக்கம் வருவதற்குள் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். 108-க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்வது நல்லது. பாம்பைத் தேடிப் பிடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான நஞ்சை எடுத்துத் தருபவர்களில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் முக்கியமானவர்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

வழியில் அருவி இருந்தால் குளிக்கலாமா?

அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில் மட்டும். அருவி விழும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை கொட்டினால் வெள்ளம் சில நிமிடங்களில் இறங்கிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தால், சத்தம் கூடினால் உடனே எல்லாரும் கரையேறி உயரமான பக்கம் போக வேண்டும். துணி, போன் எதற்கும் திரும்பி ஓடக் கூடாது.

நடக்கும்போது மழையோ இடியோ வந்தால்?

இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் தாக்கும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். மொட்டைப் பாறை, உச்சி, தனி மரம் மூன்றிலிருந்தும் இறங்கிவிடுங்கள். கம்பிவேலி, இரும்புக் கைப்பிடியைத் தொடாதீர்கள். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், காலையிலேயே முடித்துவிடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெருமழை ஓய்ந்த மறுநாளே மலைக்குப் போகாதீர்கள். ஊறிய மண் மழை நின்ற பிறகும் சரியும். ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், திருவண்ணாமலை அடிவாரத்திலேயே மண்சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள்.

பெண்களுக்குக் கழிவறை வசதி?

பெரும்பாலான பாதைகளில் இல்லை. இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண்கள் பலர், அதனால்தான் அவர்களுக்கு முதலில் தலைசுற்றல் வருகிறது. அடிவாரத்தில் கடைசிக் கழிவறை எங்கே என்று முன்பே விசாரித்து வண்டியை அங்கே நிறுத்துங்கள். காட்டில் போக வேண்டிவந்தால் ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, இன்னொரு பெண் துணையோடு. ஒரு பழைய புடவை மறைப்புக்கு உதவும். பேட், டயப்பர் எல்லாம் மூடிய பையில் கீழே கொண்டுவரப்பட வேண்டும், புதைக்கக் கூடாது, விலங்குகள் தோண்டிவிடும். குடும்பத்து ஆண்கள் இதைக் கேட்காமலே நினைவில் வைத்து நிறுத்தங்களைத் திட்டமிட்டால், வீட்டுப் பெண்கள் அடுத்த முறையும் வருவார்கள்.

நீலகிரி, கொடைக்கானலுக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா?

2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விதிகள் இரண்டு இடத்திலும் கடுமை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோவது எளிது.

போன் சிக்னல் இல்லாத இடத்தில் யாராவது காணாமல் போனால்?

காணாமல் போகாமல் இருக்க ஒரு விதி: பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் வந்து சேரும் வரை முன்னால் போனவர் நிற்க வேண்டும். பிள்ளைகளின் கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். வழி தெரியவில்லை என்றால் அதே இடத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று மூன்று முறை ஊத வேண்டும், திரும்பத் திரும்ப. தேடி அலையக் கூடாது. இதை வீட்டு மாடியில் ஒரு முறை விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள்.

உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போகும். ஊரில் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போன் வரும் என்று சொல்லிவிட்டுத்தான் மலையேற வேண்டும்.

பாதி வழியில் அம்மா ‘நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாங்க’ என்கிறார். விட்டுவிட்டுப் போகலாமா?

தனியாக விட வேண்டாம். கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் ஒரு பெரியவர். பேரக்குழந்தையைத் துணைக்கு வைத்துவிட்டுப் போவது சரியில்லை. இடம் நிழலாக, பாதை ஓரமாக, தேன்கூட்டுக்கும் ஓடைக்கும் தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர், மாத்திரை, சாப்பாட்டில் ஒரு பங்கு, விசில், ஒரு போன் அவர்களிடம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி, அதைக் காப்பாற்ற வேண்டும். காட்டுப் பாதையில் வழிகாட்டி ஒருவர்தான் என்றால் கூட்டத்தைப் பிரிக்கவே கூடாது, எல்லாரும் அம்மாவோடு அங்கேயே உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.